கிள்ளச் சொன்ன பூ

ஆத்தூர், வாழப்பாடி வட்டாரங்களில் மருந்துக்கூர்க்கன் கொள்முதல் செய்த ஒரு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தேன். விவசாயிகள் அதைக் ‘கோலியஸ்’ என்றே சொல்வார்கள். துளசிக்கும் புதினாவுக்கும் உறவு, கற்பூரவள்ளிக்கு இன்னும் நெருங்கிய உறவு. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டைகளும் தட்டுப்படும். ஆனால் எங்கள் கணக்கெல்லாம் வேரில்தான் இருந்தது. போர்ஸ்கோலின் என்னும் மருந்துப்பொருள் அதன் தடித்த வேர்களில் சேர்வதால், பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள், சத்து கிழங்குக்கு இறங்கட்டும் என்று வயல்வயலாகச் சொல்லி வந்தேன். அறிவுரை சரியானதுதான், அதனாலேயே அந்தப் பூவை நின்று பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

ஓர் அக்டோபரில், ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் கோயில் பக்கத்துப் புல்சரிவில், உடன் வந்த மலைக்கிராமத்துப் பெரியவர் பாறையிடுக்கைக் காட்டி, “இது உங்க கோலியஸ்தானே தம்பி?” என்று கேட்டார். இளநீல ஊதா நிறத்தில் அடுக்கடுக்காகப் பூத்து நின்றது. மேலுதடு சிறியது, கீழுதடு படகுபோல் குழிந்து மகரந்தத்தாள்களைத் தன்னுள் வைத்திருந்தது. தேனீ வந்து அமர்ந்தபோது அந்தப் படகு தாழ, மகரந்தம் அதன் அடிவயிற்றில் ஒட்டியது. தாள்களின் அடிப்பகுதி ஒன்றாக இணைந்து உறைபோல் சூலகத் தண்டைச் சுற்றியிருக்கும். ‘உறை’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் கோலியஸ் என்ற பெயரே வந்தது. தினமும் உச்சரித்த பெயருக்குப் பொருள் அன்றுதான் கண்ணெதிரே தெரிந்தது.

வயலில் நாங்கள் நடுவது நுனித்தண்டுகளை. ஒரு தாய்ச்செடியிலிருந்து எடுத்த தண்டுகள் அனைத்தும் அதன் மறுபதிப்புகளே என்பதால், வேரழுகலோ நூற்புழுவோ வந்தால் தாக்குப்பிடிக்க வேறுபட்ட செடி ஒன்றுகூட அங்கே இருக்காது. மலையில் பூத்து விதையாகும் செடிகளிடம்தான் அந்த வேறுபாடு இருக்கிறது. வேருக்காகத் தோண்டினால் செடியும் போய்விடும், விழவேண்டிய விதையும் போய்விடும்.

கொள்முதல் நாள்களில் வயல் கிழங்கோடு, மலையில் தோண்டியவைபோல் மெலிந்த, வேறு நிற மண் ஒட்டிய வேர்களும் சில சாக்குகளில் வந்ததுண்டு. எங்கிருந்து என்று கேட்காமல் நானே எடை போட்டிருக்கிறேன். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தப் பருவத்திலிருந்து, நிலத்தின் சிட்டாவைக் காட்டி, எந்த வயலில் எடுத்தது என்று சொல்லாதவர் சாக்கைத் தராசில் ஏற்ற வேண்டாம் என்று பணியாளர்களிடம் சொல்லிவிட்டேன். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை, வரத்து குறைந்தது. நான் அங்கிருந்த கடைசி இரண்டு பருவங்களும் அப்படியே நடந்தன.