28 மில்லிமீட்டர்

டிராக்டருக்கு அடிச்சட்டம் கிடையாது. லாரி என்றால் கீழே ஒரு சேஸிஸ் இருக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அதன்மேல் தாங்கிகள் வைத்துப் பொருத்துவார்கள். பெரும்பாலான பண்ணை டிராக்டர்களில் அந்த வசதி இல்லை. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆகியவற்றின் வார்ப்பிரும்புக் கூடுகளே ஒன்றோடொன்று போல்ட்டுகளால் முடுக்கப்பட்டு வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. இரண்டு டிராக்டர் நிறுவனங்கள் ஒன்றாகும்போது வடிவமைப்பாளர்களுக்கு வரும் தலைவலியில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் கியர்பாக்ஸ் வடிவமைப்புப் பிரிவில் இருந்தபோது, எங்களைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று எங்கள் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அறிவிப்பு வந்த அன்று கூட்டத்தில் காட்டிய படத்தில் விஷயம் மிக எளிமையாக இருந்தது. அவர்களிடம் சொந்த எஞ்சின் ஆலை இருந்தது. நாங்கள் எஞ்சினை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்ஸுக்கும் உழவர்களிடையே நல்ல பெயர் இருந்தது. அவர்களுடையதற்கு அவ்வளவு இல்லை. ஆகவே அவர்களுடைய எஞ்சின், எங்களுடைய கியர்பாக்ஸ், நடுவில் ஒரு கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறியைத்தான் அடுத்த இரண்டரை ஆண்டுகள் நாங்கள் வரைந்துகொண்டிருந்தோம்.

முதல் மாதத்திலேயே அவர்களுடைய எஞ்சின் ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அதன் பின்முனையில், கிளட்ச் ஹவுசிங்கோடு சேரும் ஃபிளைவீல் ஹவுசிங் முகத்தில் போல்ட் துளைகள் அமைந்திருந்த வட்டம் எங்களுடையதைவிடப் பெரியது. துளைகளின் எண்ணிக்கையும் வேறு. நேராகப் பொருத்த வழியில்லாததால் இடையில் 28 மி.மீ. தடிப்புள்ள ஒரு வார்ப்பிரும்புத் தகட்டைக் கொடுத்தோம். ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் முதுகெலும்பு அந்த அளவு நீண்டதும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் மாறியது. கிளட்ச் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டியிருந்தது. ஸ்டீயரிங் இணைப்புத் தண்டை மறுபடி கணக்கிட வேண்டியிருந்தது. பானெட்டின் பின்விளிம்புக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. டீசல் டேங்க்கின் தாங்கிகள் நகர்ந்தன. ஒரு தகட்டுக்காக நாங்கள் திருத்திய டிராயிங்குகள் நூற்றைத் தாண்டின.

பி.டி.ஓ. தண்டிலும் அதே கதைதான். பின்னால் இணைக்கும் கருவிகளைச் சுழற்றும் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். எங்கள் பழைய எஞ்சின் 1,800 சுற்றில் ஓடும்போது அந்த 540 கிடைக்கும்படி பல்சக்கரங்களை அமைத்திருந்தோம். புதிய எஞ்சினோ நிதானமாக ஓடுவது; 1,600 சுற்றிலேயே அது நன்றாக இழுத்தது, டீசலும் குறைவாகக் குடித்தது. பழைய பல்சக்கரங்களோடு அந்த 1,600இல் ஓட்டினால் பி.டி.ஓ. 480 சுற்றில் நின்றுவிடும். கதிரடிக்கும் இயந்திரத்தில் மணி முழுமையாக உதிராது. சரி, பல்சக்கர ஜோடியை மாற்றலாம் என்றால் அதன் மைய தூரம், அதாவது இரு சக்கரங்களின் மையங்களுக்கு இடையேயான தூரம், எங்கள் கூட்டில் ஏற்கெனவே துளையிடப்பட்டிருந்தது. பற்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றி, மைய தூரத்தைத் தொடாமல், 540ஐ எட்டுவதற்கு நானும் என் நண்பரும் இரண்டு வாரம் கணக்குப் போட்டோம். அந்த இரண்டு வாரமும் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிடிக்காதவையும் இருந்தன. நாங்கள் முதல் கோண வீழலில் டிராயிங் வரைபவர்கள். அவர்கள் மூன்றாம் கோண வீழலில் வரைபவர்கள். ஒன்றில் இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் வரும், மற்றதில் இடப்புறமே வரும். எது என்பதைச் சொல்ல டிராயிங்கின் மூலையில் ஒரு சிறு குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டை யாரும் பார்க்கவில்லை. ஹைட்ராலிக் குழாயைத் தாங்கும் பிராக்கெட்டுகள் நாற்பது, கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறி, அழகாக வண்ணம் பூசப்பட்டு வந்து சேர்ந்தன. அதைவிட நுணுக்கமான குழப்பம் உதிரிபாக எண்களில் இருந்தது. 6208 என்ற பேரிங் எல்லாருக்கும் ஒன்றுதான்: உள்விட்டம் 40 மி.மீ., வெளிவிட்டம் 80, அகலம் 18. எங்கள் பட்டியலில் அதற்கு ஓர் எண், அவர்கள் பட்டியலில் வேறோர் எண். ஒரே கிடங்கில் இரண்டு அலமாரிகளில் ஒரே பேரிங் இருக்க, ஒன்று தீர்ந்துபோனதால் அசெம்பிளி லைன் நின்ற நாளும் உண்டு.

இந்தத் தொழிலில் இவை எதுவும் புதிதல்ல. 1953இல் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனமும் ஹாரி ஃபெர்குசனின் நிறுவனமும் ஒன்றானபோது, விலையில் எஞ்சியிருந்த 10 லட்சம் டாலர் வித்தியாசத்தை நாணயம் சுண்டித் தீர்த்தார்கள், ஃபெர்குசன் தோற்றார். அது வேடிக்கைக்காகச் சொல்லப்படும் பகுதி. என்னைப் போன்றவர்களுக்குப் பொருளுள்ள பகுதி அதன் பிறகுதான் வருகிறது. இரு தரப்பு விற்பனையாளர்களும் தங்கள் கடையில் தங்கள் டிராக்டர்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, நிர்வாகம் இரண்டு வரிசைகளையும் தனித்தனியே நடத்தியது. மாஸி-ஹாரிஸ் கடைகளுக்காக ஃபெர்குசன் டிராக்டரின் அமைப்பிலேயே எம்.எச். 50 என்ற டிராக்டரைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பொறாத ஃபெர்குசன் கடைகளுக்காக அதே வண்டிக்கு வேறு தகரம் போர்த்தி ஃபெர்குசன் 40 என்றார்கள். சில ஆண்டுகளில் இது கைவிடப்பட்டு, சிவப்பும் சாம்பலும் சேர்ந்த மாஸி ஃபெர்குசன் 35 வந்தது. அதன் தொடக்ககால நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப மறுப்பதற்குப் பேர்போனது. 1959இல் பெர்கின்ஸ் என்ற எஞ்சின் நிறுவனத்தையும் வாங்கிய பிறகு, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தது. அந்த டிராக்டரின் நல்ல பெயருக்கு அந்த எஞ்சின் பெரும் காரணம் என்பது என் எண்ணம்.

1985இல் அமெரிக்காவின் கேஸ் டிராக்டர் நிறுவனத்தின் உரிமையாளரான டென்னெகோ, போட்டியாளரான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் வேளாண் கருவிப் பிரிவை வாங்கியது. ராக் ஐலண்டில் ஹார்வெஸ்டருக்கு இருந்த ஃபார்மால் டிராக்டர் ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. ஆனால் 1987இல் வெளிவந்த மேக்னம் டிராக்டர்களின் நிறம் வாங்கப்பட்டவருடைய சிவப்பு. உள்ளே துடித்த எஞ்சினோ, வாங்கியவர் கம்மின்ஸ் என்ற எஞ்சின் நிறுவனத்தோடு கூட்டாக நடத்திய ஆலையிலிருந்து வந்தது. யார் யாரை வாங்கினார்கள் என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், டிராக்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1999இல் கேஸ் நிறுவனமும் நியூ ஹாலந்து டிராக்டர் நிறுவனமும் இணைந்தபோது இன்னொரு விந்தை நடந்தது. போட்டி குறைந்துவிடும் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் தடை சொன்னதால், இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஆலையை அங்கே செய்யப்பட்ட டிராக்டர்களோடு இத்தாலியின் ஆர்கோ குழுமத்துக்கும், கனடாவின் வினிபெக் ஆலையை பூலர் நிறுவனத்துக்கும் விற்க வேண்டியதாயிற்று. இணைப்பு என்ற பெயரில் தொடங்கியது, ஹார்வெஸ்டரின் மெக்கார்மிக் என்ற பழைய பெயரோடு ஒரு புதிய போட்டியாளரையும் பெற்றெடுத்தது. மிஞ்சியவற்றில், இங்கிலாந்தின் பேசில்டன் ஆலையில் ஒரே டிராக்டர் நியூ ஹாலந்தின் நீல நிறத்தில் டி.எம். என்றும் கேஸின் சிவப்பு நிறத்தில் எம்.எக்ஸ்.எம். என்றும் வெளியேறியது. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், விற்பனையாளரின் அச்சமும் உழவரின் நிறப்பற்றும் எவ்வளவு உண்மையானவை என்பதை எங்கள் இணைப்பில் கண்ணால் பார்த்தவன் நான்.

எங்கள் தகட்டுக்குத் திரும்புகிறேன். சோதனை ஓட்டத்தில் பின்னால் கனமான ரோட்டவேட்டரை மாட்டி, வரப்போரத்துக்கு வரும்போதெல்லாம் தூக்கி, திருப்பி, இறக்கி ஓட்டுவோம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வண்டியின் நடு உடல் வளைய முயல்கிறது. சில நூறு மணி நேரம் கழித்து, தகட்டின் மேல்விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு செம்பழுப்பு நிறத்தில் ஒரு பொடி தெரிந்தது. நான் துரு என்று குறிப்பேட்டில் எழுதப் போனேன். மாதிரி வண்டிகளைக் கட்டும் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்த ஃபோர்மேன், அதை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது துரு இல்ல. இரும்பு இரும்பை அரைச்ச மாவு," என்றார். போல்ட்டுகளைக் கழற்றியபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது: முகங்கள் இரண்டும் மயிரிழை அளவு நகர்ந்து நகர்ந்து ஒன்றையொன்று தின்றிருந்தன. உராய்வு மட்டுமே பிடித்துக்கொள்ளும் என்று நம்பி, இடம் நிறுத்தும் டவல் பின்களை ஒரு பக்கத்தோடு விட்டிருந்தோம். இரு பக்கமும் பின் கொடுத்து, போல்ட்டுகளை 8.8 வலிமைத் தரத்திலிருந்து 10.9க்கு உயர்த்தி, மறுபடி ஓட்டிப் பார்க்க ஐந்து மாதம் ஆயிற்று.

ஆனால் அந்த இணைப்பில் விளைந்த ஆகச் சிறந்த பொருள் அந்தக் கூட்டல் குறியில் இல்லவே இல்லை. எங்கள் ஹைட்ராலிக்ஸ், கலப்பை மண்ணில் எவ்வளவு இழுவை கொடுக்கிறது என்பதை, கலப்பையை வண்டியின் பின்புறத்தோடு பிணைக்கும் மேல் இணைப்புத் தண்டின் வழியாக உணரும் வகை. இலகுவான கலப்பைக்கு அது மிக அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் மண்ணின் எதிர்ப்பு மேல் தண்டை முன்னோக்கி அழுத்துகிறது. பெரிய எஞ்சின் வந்து நீளமான, கனமான கலப்பையை மாட்டியதும் கதை மாறியது. கருவியின் எடையே மேல் தண்டைப் பின்னோக்கி இழுக்கத் தொடங்க, அழுத்தமும் இழுப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, எந்த ஆழத்தில் உழுகிறோம் என்றே வண்டிக்குத் தெரியாமல் போயிற்று. நாங்கள் பெருமை பேசிய அதே இடத்தில் எங்கள் வண்டி தடுமாறியது.

அவர்களுடைய ஹைட்ராலிக்ஸைப் பற்றி எங்களிடம் யாரும் நல்ல வார்த்தை பேசியதில்லை. அவர்கள் தரப்பில் அதைக் கவனித்துவந்த பொறியாளர் ஒருவர், பாதியாக அறுத்த தம்முடைய பின் கூட்டை எங்கள் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார். அது கருவியைத் தூக்கும் கீழ்க்கைகள் இரண்டையும் தாங்கும் தண்டு வளைவதைக் கொண்டு இழுவையை உணரும் வகை. கருவி எவ்வளவு கனமானாலும் அதற்குக் குழப்பமில்லை. அதன் கெட்ட பெயருக்குக் காரணம் உணரும் பகுதியன்று, தூக்கும்போது வெட்டி வெட்டி இழுத்த வால்வு. "வால்வு ஒண்ணு உங்கள மாதிரி கெடச்சிருந்தா நான் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன் சார்," என்றார் அவர். அவர்களுடைய தண்டையும் எங்களுடைய வால்வையும் ஒரே கூட்டில் சேர்த்த அமைப்பு, எந்தத் திட்டப் படத்திலும் இல்லாதது. தனித்தனியாக இருந்திருந்தால் இரு நிறுவனங்களும் அதை இன்னும் பத்து ஆண்டுகளுக்குச் செய்திருக்க மாட்டா என்று உறுதியாகச் சொல்வேன்.

இழப்பும் இருந்தது. நாங்கள் நான்கு ஆண்டுகளாக உருவாக்கிவந்த நான்கு சக்கர இயக்க டிராக்டர், அதே குதிரைத்திறனில் அவர்களிடம் ஒன்று இருந்ததால் நிறுத்தப்பட்டது. 1953 இணைப்புக்குப் பின் ஃபெர்குசனின் பெரிய டிராக்டரான எல்.டி.எக்ஸ். திட்டத்துக்கும் இதே கதிதான். எங்கள் மாதிரி வண்டிகள் இரண்டில் ஒன்றைப் பழைய இரும்பாக அறுத்தார்கள். மற்றது சில காலம் ஆலைக்குள் டிரெய்லர் இழுத்துக்கொண்டிருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து எஞ்சின் ஆலை தன் ஃபிளைவீல் ஹவுசிங்கின் வார்ப்பச்சை மாற்றியபோது, எங்கள் துளை வட்டத்தையே அதில் கொடுத்துவிட்டார்கள். தகடு இனித் தேவையில்லை. ஆனால் அதற்குள் பானெட்டின் அச்சுகளும், ஸ்டீயரிங் தண்டும், டேங்க்கின் தாங்கிகளும் எல்லாமே நீண்ட வண்டிக்காகச் செய்யப்பட்டுவிட்டன. அவற்றை மாற்றுவதைவிடக் கிளட்ச் ஹவுசிங்கை நீளமாக வார்ப்பது மலிவு என்று கணக்கு சொன்னது. அந்த டிராயிங்கைத் திருத்தியவன் நானே. முன்முகத்திலிருந்து 28 மி.மீ. கூட்டி எழுதி, திருத்தக் காரணம் என்ற கட்டத்தில் தகட்டின் பழைய எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டேன்.