ரைஃபிள் வாங்கும் முன் சிலிண்டரில் தேதி பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமைதான் என் காற்று ரைஃபிளுக்குக் காற்று அடைக்கிற புது சிலிண்டர் கைக்கு வந்தது. அதற்குக் கொடுத்த 28,000 ரூபாய் நான் கொஞ்சம் விவரமாக இருந்திருந்தால் மிஞ்சியிருக்கும். அந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ரைஃபிள் சுடப் பழக நினைக்கிறவர்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன், பள்ளியில் கணக்கு டீச்சர். கல்லூரியில் என்சிசி. முகாமில் ஒரு காலை நேரம் .22 ரைஃபிளைப் படுத்துச் சுட்டதும், மூச்சை அடக்கிய அந்த ஒரு நொடி அமைதியும் பதினைந்து வருடமாக மனசில் இருந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்வப்னில் குசாலே பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது) வெண்கலம் வாங்கினார். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். வேலையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியும் என்றால் நாமும் ஆரம்பிக்கலாமே என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆசை என்னவோ 50 மீட்டர்தான். ஆனால் அதற்குத் தோட்டா போட்டுச் சுடுகிற .22 வேண்டும், .22-க்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடியது .177 காற்றுத் துப்பாக்கி, அதுவும் சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாதது. அதனால் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் தூரமான 10 மீட்டரில் தொடங்குவதுதான் வழி என்பது வரைக்கும் சரியாகப் புரிந்துகொண்டேன்.

அடுத்து செய்ததுதான் முதல் தப்பு. எந்த ரேஞ்சுக்கும் (சுடப் பழகும் இடம்) போய்ப் பார்க்காமல் நேராகக் கடைக்குப் போனேன். "மேடம், இதுல 50 மீட்டர் வரைக்கும் தாராளமா அடிக்கலாம்" என்று சொல்லி, குழலை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றையும் மேலே மாட்டிக் குறி பார்க்க ஒரு ஸ்கோப்பையும் (சின்னத் தொலைநோக்கி) கொடுத்தார்கள். இரண்டும் சேர்த்து 15,500. ஆதார் நகல் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். அதில் குறை இல்லை.

ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாய்ந்து முட்டும்போது துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதறும். சாதாரண ஸ்கோப்புகள் பின்னால் வரும் உதைக்குத்தான் தாங்கும், இந்த முன் உதறலுக்குத் தாங்காது. முந்நூறு பெல்லட் (காற்றுத் துப்பாக்கியின் சின்ன ஈயக் குண்டு) சுட்டிருப்பேன், உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி சாய்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், போட்டியில் ஸ்கோப்பே கிடையாது. பின்னால் சின்ன ஓட்டை, முன்னால் வளையம், இரண்டின் வழியாகக் கண்ணால் பார்த்துத்தான் சுட வேண்டும். பீப் சைட் என்பார்கள். இந்த ஒரு வரியைக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம். இன்னொன்று: ஸ்பிரிங் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது, பிஸ்டன் அடிவாங்கும். பயிற்சியில் பாதிக்குமேல் வெறும் சுடல்தான் என்று பிறகு தெரிந்தபோது அந்தத் துப்பாக்கி அலமாரிக்குப் போனது.

அப்புறம் கிளப். எங்கள் ஊரிலிருந்து பெங்களூரும் சேலமும் ஏறக்குறைய ஒரே தூரம். பெங்களூர் பெரிய ஊர், வசதி அதிகம் இருக்கும் என்று அங்கே ஒரு கிளப்பில் பணம் கட்டி இரண்டு மாதம் போய்வந்தேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஒருநாள் மாநிலப் போட்டி பற்றிக் கேட்டபோதுதான், எந்த மாநிலத்துக்காகச் சுடுகிறோமோ அந்த மாநிலச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், அதற்கு அந்த மாநிலக் கிளப் வழியாகப் போவதுதான் நடைமுறை என்றார்கள். என் முகவரி தமிழ்நாடு. பணம் கட்டும்போது ஆதாரைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அப்போதே சொல்லியிருந்தால் இரண்டு மாதக் கட்டணமும் எட்டு ஞாயிறும் மிச்சம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இப்போது சேலத்துக்குப் போகிறேன். ஞாயிறு காலை ஐந்தரை மணி பஸ், தொப்பூர் கணவாய் தாண்டும்போது விடிந்துவிடும்.

சேலத்தில் கோச் முதல் நாள் துப்பாக்கியே கொடுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன முக்கோணம் விட்டு, அதன் வழியாகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். அப்படியே ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடினால் கடிகாரம் இருந்தது. இடது கண்ணை மூடினால் காணோம். "டீச்சர், உங்களுக்கு ஆளும் கண், அதாவது மூளை முதல்ல நம்புற கண், இடது. ஆனா வலது தோள்ல வச்சுச் சுடறீங்க" என்றார். மூன்று மாதமாக என் பெல்லட் ஏன் கண்ட இடத்துக்குப் போனது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தோளை மாற்றலாம், அல்லது இடது கண்ணுக்கு முன்னால் மறைப்பு வைக்கலாம் என்றார். நான் மறைப்பை எடுத்துக்கொண்டேன். போட்டி விதிப்படி 30 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. கறுப்பு அட்டை வேண்டாம், வெளிச்சம் விடுகிற வெள்ளை பிளாஸ்டிக்தான் நல்லது. ஒரு கண் இருட்டிலும் ஒரு கண் வெளிச்சத்திலும் இருந்தால் பார்க்கிற கண் சீக்கிரம் களைத்துவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. எதை வாங்கும் முன்னாலும் இதைச் செய்துவிடுங்கள்.

முதல் மாதம் முழுக்கக் கிளப் ரைஃபிளைப் பிடித்து வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றதுதான் பயிற்சி. இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், எடையைத் தசை தாங்கக்கூடாது, எலும்பு தாங்க வேண்டும். குறி பார்த்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் குறி நகர்ந்திருக்கும். கையால் இழுத்து அதைச் சரிசெய்யவே கூடாது, பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும். மூச்சை விட்டு நிறுத்தியதும் ஆறேழு நொடிக்குள் சுட்டுவிட வேண்டும், முடியாவிட்டால் இறக்கி வைக்க வேண்டும். இறக்கி வைக்கக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது.

வீட்டில் 10 மீட்டர் இல்லை. ஹாலின் நீளம் 5 மீட்டர்தான். டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். பாதித் தூரத்துக்குப் பாதி அளவு, அதாவது 15.25. ஒத்த முக்கோணம்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. அச்செடுத்துச் சுவரில் கண் உயரத்துக்கு ஒட்டி, தினமும் அரைமணி நேரம் பெல்லட் இல்லாமல் சுட்டேன். அதற்கான ரைஃபிளைக் கிளப்பில் வாடகைக்குக் கொடுத்தார்கள்.

முன்சைட் வளையம் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன வளையம் போட்டால் குறி துல்லியமாக இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் ஆட்டம் பெரிதாகத் தெரிந்து பயம் வரும், பயத்தில் டிரிக்கரைப் பிடுங்குவோம். பெரிய வளையத்துக்கு மாறிய வாரமே என் பெல்லட்டுகள் சிதறி விழும் வட்டம் சுருங்கியது.

சரி, இனி அந்த சிலிண்டர் கதை. காற்றை ஒரு சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்து வைக்கும் ஜெர்மன் ரைஃபிள் புதிதாக என் சம்பளத்துக்குக் கட்டாது. பழையது ஒன்று 1,15,000-க்கு வந்தது. விற்றவர் முன்னாள் போட்டியாளர். குழல் சுத்தம், டிரிக்கர் அருமை, மரக்கட்டையில் ஒரு கீறல் இல்லை. கோச்சிடம் காட்டிவிட்டு வாங்கலாம் என்றேன். "இன்னொருத்தர் நாளைக்கே வாங்க வர்றாரு மேடம்" என்றார். அன்றிரவே பணம் அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோச் ரைஃபிளைத் தூக்கிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு சிலிண்டரைக் கழற்றி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சுழற்றினார். கழுத்துக்குக் கீழே அழுக்கு படிந்த இடத்தில் கட்டை விரலால் தேய்த்தார். எறும்பு அளவில் எழுத்துகள் தெரிந்தன. 2013 என்று பொறித்திருந்தது. "இதை நான் நிரப்ப மாட்டேன் டீச்சர்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

அது 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு, தாங்குகிற உருளை. அதற்குத் தயாரிப்பாளர் ஓர் ஆயுள் சொல்லியிருப்பார், பெரும்பாலும் பத்து வருடம். ஆயுள் தாண்டிய சிலிண்டரைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பொருள் அது. விற்றவருக்கு போன் செய்தேன். "நான் போன மாசம் வரைக்கும் அதுலதான் சுட்டேன்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. புதிதுக்குச் சொல்லிவைத்து நாலு மாதம் காத்திருந்தேன்.

பழைய ரைஃபிள் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சிலிண்டரில் தேதி பாருங்கள். முதல் ரசீதின் நகல், எப்படி இறக்குமதியானது என்பதற்கான தாள், கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். இன்னொருவர் வாங்க வருகிறார் என்று அவசரப்படுத்தினால் அவருக்கே விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. காற்று நிரப்ப எங்கே போவது என்று நான் விசாரித்தபோது, தெரிந்த ஒருவர் வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தயவுசெய்து செய்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய், கிரீஸோடு அழுத்தத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். பஞ்சர் கடை கம்ப்ரசர் இந்த அழுத்தத்தின் பக்கத்திலேயே வராது. கிளப்பில் இருக்கும் பெரிய காற்று சிலிண்டர், இல்லையென்றால் இதற்கென்றே வருகிற கைப்பம்ப். நான் நம்புவது இந்த இரண்டை மட்டும்தான்.

ஜாக்கெட்டில் ஏமாற்றம் பாதிதான். சுடும்போது உடம்பு ஆடாமல் இருக்கப் போடுகிற, கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த முரட்டுச் சட்டை அது. அளவை நானே டேப் வைத்து எடுத்து அனுப்பினேன். வந்தது இறுக்கமாக இருந்தது. பட்டன் போடும் இடத்துக்கு மேல் இன்னும் 7 சென்டிமீட்டர் இழுத்து மூட முடிய வேண்டும் என்பது விதி, எனக்கு 4-தான் வந்தது. திருப்பி அனுப்பினால் போட்டிக்குள் வராது. கிருஷ்ணகிரியில் ஒரு டைலரிடம் கொடுத்தேன், ஊசி உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைக்கிற அண்ணன் வாங்கிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். குத்தூசியால் ஐந்து பட்டனையும் விளிம்பு ஓரமாக நகர்த்தி, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு 150 ரூபாய் வாங்கினார். போட்டிக்கு முன் சோதனையில் அளந்தார்கள், 7 சென்டிமீட்டருக்கு மேலேயே வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மார்க்கைவிட அந்த நிமிஷம்தான் சந்தோஷம். மார்க் 60 சுடலுக்கு 571.3, கிளப் ரைஃபிளில். முதல் போட்டிக்கு அது போதும்.

சித்திரை வெயிலில் அந்த ஜாக்கெட்டைப் போட்டால் உள்ளே பனியன் பிழிகிற மாதிரி நனைந்துவிடும். நிழலில் ஹேங்கரில் மாட்டிக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும், மடித்து வைத்தால் விறைப்பு போய்விடும்.

பயணத்துக்கு ஒன்று. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் அடிக்கடி வருகிற மாவட்டம் இது. நீளப் பெட்டியைப் பார்த்தால் போலீஸ் நிறுத்தத்தான் செய்வார்கள். ஒருநாள் இரவு திரும்பும்போது வண்டிச் சோதனையில் என்னையும் இறக்கினார்கள். பூட்டிய பெட்டி, மேல் ஜிப்பில் ரசீது, கிளப் அடையாள அட்டை, ஆதார் நகல், போட்டிச் சான்று. பத்து நிமிஷத்தில், "எங்க வீட்டுப் பொண்ணும் கத்துக்கணும்னு சொல்லுதும்மா, எங்க சேக்கறது?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

.22-க்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் ஒரே நாளில் கொடுத்தேன். காவல் நிலைய விசாரணையும் முடிந்தது. லைசென்ஸ் வரும்வரை கிளப் .22-ஐக் கிளப்பிலேயே சுடலாம். அடுத்த மாதத்திலிருந்து 50 மீட்டர், படுத்த நிலை. ஆடிக் காற்று அடிக்கிற நேரம் அது. டார்கெட்டின் நடுவில் பத்து மார்க் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ரேஞ்சில் நட்டிருக்கும் சின்னக் கொடிகளைப் பார்க்க இப்போதே பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் கோச். போன வாரம் புது சிலிண்டரை நிரப்பிக் கொடுத்துவிட்டு, நான் சுடுவதற்கு முன் ஒரு மணி நேரம் என்னை அந்தக் கொடிகளுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.