சிண்டுவின் வலது முட்டி

என் நாய் சிண்டுவின் எடை மூன்றரைக் கிலோதான். சின்ன நாய்களுக்கு அடிக்கடி வரும் முட்டிச்சில்லு நழுவல் அவனுக்கும் வந்தது. சில்லு உட்காரும் பள்ளத்தை ஆழப்படுத்தித் தைத்தார்கள். இன்றோடு 19 நாள்.

முதல் வாரம் பழைய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, பின்பாதியைத் தாங்கியபடியே வெளியே கூட்டிப்போனேன். ஒரு தடவைக்கு 5 நிமிடம், அவ்வளவுதான். 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள். அப்புறம்தான் உண்மையான கஷ்டம். வலி குறைந்ததும் சோபாவில் தாவப் பார்க்கிறான். உள்ளே ஆறுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? வழுக்கும் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டுவிட்டேன். ராத்திரி கூண்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன். என் விரலை முகர்ந்துகொண்டே தூங்குகிறான்.

நேற்றுக் காலை அந்தக் காலைத் தரையில் முழுசாக ஊன்றி நின்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.