தீப்பெட்டி ஆபீஸும் கங்கா தாபாவும்

மதுரையில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு ராத்திரி தாண்டித்தான் தில்லி நிஜாமுதீன் ஸ்டேஷன். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு நாக்பூர் வரைக்கும் தாங்கியது.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜே.என்.யூ.வுக்குள் படிக்க நுழைந்த அன்றே 'பெரியார்' என்று ஒரு ஹாஸ்டல் போர்டைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே ஹாஸ்டல்களுக்கெல்லாம் ஆற்றின் பெயர். அது கேரளத்துப் பெரியாறு! எனக்குக் கிடைத்தது கொய்னா. ரூம்மேட் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரி. எனக்கு இந்தி அரைகுறை, அவளுக்கும் அப்படித்தான். அதனாலேயே ஒட்டிக்கொண்டோம்.

தமிழ் ஆட்கள் கேம்பஸுக்குள் இருந்த டீக்கடை, கங்கா தாபாவில் அகப்பட்டார்கள். தர்மபுரி அக்கா ஒருத்தர், நாகர்கோவில் பையன், காரைக்காலில் இருந்து இன்னொருத்தி. சில ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்குப் பங்கு போட்டு ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போவோம். முருகனுக்கு ஒரு கும்பிடு. மிச்ச நேரமெல்லாம் தில்லித் தமிழ்ச் சங்க நூலகம். 1946-இல் தொடங்கிய சங்கம். ஊரில் இருந்தவரை நூலகப் பக்கமே போகாதவள் நான்.

சாத்தூரில் நான் எழுதியதெல்லாம் நிலவும் கண்ணீரும். காலேஜ் ஆண்டு மலரில் இரண்டு வந்தது. அந்தக் கெத்தில் ஒரு கதையை தாபா பாறையில் உட்கார்ந்து வாசித்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்க, போகிற கதை. 'விரல்கள் விளக்காய் எரிந்தன' என்று முடியும்.

அக்கா டீயை உறிஞ்சிவிட்டு, "அது ஃபேக்டரி தானே, ஏன் ஆபீஸ்னு சொல்றீங்க?" என்றார்.

எங்க ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. நாகர்கோவில் பையன் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினான். கோபம் வந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

ராத்திரி ரூம்மேட்டுக்கு அந்தக் கதையை உடைந்த இந்தியில் சொன்னேன். விளக்கு, நெருப்பு எதுவுமே தேறவில்லை. அவள் ரஜாய்ப் போர்வைக்குள் இருந்து ஒரே கேள்வி கேட்டாள்: "ஒரு கட்டைக்கு எவ்வளவு தருவாங்க?" அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கழித்துக்கட்டும் பீடிக்குக் காசு கிடையாது, இலை நனைந்தால் அதுவும் இவர்கள் தலையில். அவள் விரலில் எண்ணிக்கொண்டே சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. என் கதையில் காசே இல்லை. அம்மா எத்தனை மணிக்குக் கிளம்புவாள் என்பதுகூட இல்லை.

மறுநாள் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"எதுக்குடி இப்ப? படிக்கப் போனியா, கணக்குப் பாக்கப் போனியா?"

"சும்மா சொல்லும்மா."

முக்கால் மணி நேரம் சொன்னாள். வேன் வராத நாள், கணக்குப்பிள்ளை விட்டுப்போட்ட கட்டை, கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு போனது. நான் மெஸ் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தேன். இடம் போதாமல் ரூம்மேட்டின் நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.