சொர்க்கத்தில் நின்றுகொண்டே கேட்ட டாங்கோ

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் ரெத்திரோ பேருந்து நிலையத்திலிருந்து சான் தெல்மோ விடுதிக்கு வர டாக்ஸிக்காரர் வாங்கிய காசில் நான் மூன்று வேளை சாப்பிட்டிருக்கலாம். மீட்டர் ஓடத்தான் செய்தது. வண்டிதான் ஒரே சதுக்கத்தை இரண்டு முறை சுற்றியது. அரைகுறை ஸ்பானிஷில் சண்டை போட்டுத் தோற்றேன்.

அந்தக் கடுப்பில், விடுதியில் ஆளாளுக்குப் பரிந்துரைத்த ‘டாங்கோ டின்னர் ஷோ’வே (அந்த ஊர் டாங்கோ இசையும் ஆட்டமும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது) வேண்டாம் என்றுவிட்டேன். விலை அநியாயம்! பதிலாக 1908இல் திறந்த தியேட்ரோ கொலோன் ஓபரா அரங்குக்குப் போனேன். உச்சி மாடியில் நின்று கேட்க மலிவான சீட்டு உண்டு. அந்த மாடிக்குப் பெயர் ‘பராய்சோ’, அதாவது சொர்க்கம். ஏறி முடிப்பதற்குள் என் முழங்கால் நிஜ சொர்க்கத்துக்கே கிளம்பிவிட்டது. மேடையில் பாதியை முன்னால் நின்ற தாத்தாவின் தொப்பி மறைத்தது. ஆனால் சத்தம் இருக்கிறதே, சொட்டுக்கூடச் சிந்தாமல் மேலே வருகிறது.

அன்றைக்கு டாங்கோ இசைமேதை ஆஸ்தோர் பியாசொல்லா 1979இல் எழுதிய பண்டோனியன் கன்செர்ட்டோ. பண்டோனியன் என்பது துருத்தி வைத்த, அக்கார்டியன் மாதிரியான டாங்கோ வாத்தியம்; கன்செர்ட்டோ என்றால் ஒரு வாத்தியத்தை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிப்பது. ‘அகொன்காகுவா’ என்றால்தான் பலருக்குத் தெரியும். புல்லாங்குழல், எக்காளம் எதுவும் கிடையாது. வயலின் வகையறா, ஹார்ப், பியானோ, தாளக் கருவிகள், நடுவில் பண்டோனியன். முன்னுரையே இல்லாமல் எடுத்த எடுப்பில் பாய்கிறார்கள். எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டாக உடைத்து அடிக்கும் தாளம். தகிட தகிட தக! என் கை தானாகத் தொடையில் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் பகுதியில் பண்டோனியன் நெடுநேரம் தனியாகப் பேசுகிறது. துருத்தி காற்றை இழுப்பதுகூடக் கேட்டது. அப்புறம் ஹார்ப், ஒற்றை வயலின், செல்லோ என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, டாக்ஸிக்காரரைக்கூட மன்னிக்கலாமோ என்று தோன்றியது.

சிம்பொனிக்குள் டாங்கோ வாத்தியமா என்று, பியாசொல்லா இரண்டு பண்டோனியன்களை உட்கார வைத்ததற்காக 1953இல் இதே ஊரின் சட்டக் கல்லூரியில் ரசிகர்கள் கைகலப்பில் இறங்கினார்களாம். அந்த பியாசொல்லாதான் 1983இல் இதே கொலோன் மேடையில், ஊர் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இந்தக் கன்செர்ட்டோவை வாசித்தார். முப்பது வருஷம் ஆகியிருக்கிறது!

டிக்கெட் எடுக்கும் வழியை விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, சுருக்கமாக: சீக்கிரம் போய் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கொரியெந்தெஸ் சாலையில் குவெர்ரின் பீட்சா கடை. அங்கேயும் நின்றபடிதான் சாப்பிட்டேன். வெங்காயமும் சீஸும் வழியும் ஃபுகாசெத்தா, மேலே ஒரு துண்டு கொண்டைக்கடலை மாவு ஃபைனா. அபாரம். வெளியே வந்ததும் ஒரு டாக்ஸி பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சான் தெல்மோவுக்கு நடந்தே போனேன்.