கேம்பிரிட்ஜில் படிப்பு

கேம்பிரிட்ஜ் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது: விரிவுரையும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அறை, சாப்பாடு, சூப்பர்விஷன் என்கிற சிறுகுழு வகுப்பு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். இளநிலை மாணவர்கள் பருவ நாட்களில் நகர நடுவிலுள்ள கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயத்திலிருந்து 3 மைலுக்குள் தங்கியாக வேண்டும். லண்டனில் அறை எடுத்து ரயிலில் வந்துபோகலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

பாடம் நடப்பது பருவத்துக்கு 8 வாரம்தான். சூப்பர்விஷன் என்றால் ஓர் ஆசிரியர், இரண்டு மூன்று மாணவர்கள், ஒரு மணி நேரம். கட்டுரையோ கணக்கோ முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒன்றைத் தள்ளிப்போட்டால் ஐந்தாம் வாரத்தில் மூன்றாகக் குவியும். 'ஐந்தாம் வாரச் சோர்வு' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. தேர்வு முடிந்த கொண்டாட்டமான 'மே வாரம்' வருவது ஜூனில். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

1914-ல் ராமானுஜன் சேர்ந்தது டிரினிட்டி கல்லூரியில். சைவம் என்பதால் அறையிலேயே சமையல். போர்க்காலத்தில் அதுவும் பெரும்பாடு. 1916-ல் ஆராய்ச்சிக்கு பி.ஏ., 1918-ல் அக்கல்லூரியின் ஃபெலோ, அதாவது ஆய்வு உறுப்பினர். 1933-ல் அதே பதவிக்கு வந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர். இப்போது கல்லூரி உணவுக்கூடங்களில் சைவம் கிடைக்கிறது. உறைப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஊறுகாய் பாட்டில் அவசியம்.