பூண்டு வாசனை வந்த மூன்று கூண்டுகள்

“பூண்டு நாத்தம் அடிக்கிற மூணு கூண்டுலயும் வீக்கம் கம்மியா இருக்கு சார்” என்றார் அனிமல் ஹவுஸ் அண்ணன். நான் சிரித்தேன்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. நிலவேம்பிலிருந்து எடுத்த ஒரு மருந்து வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலிகளின் பாதத்தில் சோதித்துக்கொண்டிருந்தோம். எந்தக் கூண்டு எந்தக் குழு என்று பாதம் அளக்கும் எங்கள் இருவருக்குமே தெரியக்கூடாது. கூண்டில் எண் மட்டும்தான். குறியீட்டுத் தாள் மேடத்தின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை மனிதர் மூக்காலேயே பிடித்துவிட்டாரே என்று சிரித்தேன். எங்கள் மருந்து, அதாவது நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு, தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துத்தான் எலிகளின் வயிற்றுக்குள் ஊசி போட்டிருந்தோம். டிஎம்எஸ்ஓ உள்ளே போனால் அதில் கொஞ்சம் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி மூச்சில் வெளியே வரும். அதுதான் அந்தப் பூண்டு வாசனை.

ஆனால் எங்கள் மருந்து போட்ட குழுக்கள் இரண்டுதான்: குறைந்த அளவு, கூடிய அளவு. அப்படியானால் மூன்றாவது கூண்டு? அந்தக் கணக்கை அந்த நிமிடமே போட்டிருக்க வேண்டும். போட்டேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கே தெளிவாக இல்லை. போட்டுவிட்டுத்தான் சிரித்தேனோ என்று சில இரவுகளில் தோன்றும்.

அண்ணன் எலியைத் துணியில் சுருட்டிப் பிடிக்கும் விதமே தனி. தலை அவர் உள்ளங்கைக்குள் இருட்டில் இருக்கும், பின்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கணுக்காலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருப்போம். பாதத்தின் கன அளவைக் காட்டும் பிளெதிஸ்மோமீட்டர் குழாயில் அந்தக் கோடு வரைக்கும் பாதத்தை முக்க வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அளவு மாறிவிடும். வீக்கத்தை வரவழைக்கிற கேரஜீனனும் கடற்பாசியிலிருந்து எடுப்பதுதான். பாசி வீங்க வைக்கும், கீரை வற்ற வைக்கும் என்று எங்களுக்குள் ஒரு பழைய கேலி. மூன்றாம் மணி நேர அளவில், மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீர் போட்ட சலைன் எலிகளின் பாதம் உருண்டையாக, பளபளவென்று இருந்தது. அந்த மூன்று கூண்டுகளில் விரல் இடுக்குகள் தெரிந்தன.

தாளைப் பிரித்தபோது மூன்றாவது கூண்டு வெறும் வெஹிக்கிள் குழு. மருந்தே இல்லாத டிஎம்எஸ்ஓ கலவை. அதற்கும் மருந்துக் குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்களின் ஊசலாட்டத்தைக் காட்டும் பிழைக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

மேடம் கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்தார். அப்புறம், “சலைனோட ஒப்பிட்டுப் போடுப்பா. வெஹிக்கிள் டேபிள்ல இருக்கட்டும்” என்றார்.

இதில் பொய் எதுவும் இல்லை. எண்கள் அத்தனையும் அறிக்கையில் இருந்தன, பக்கத்தைப் புரட்டினால் யாரும் பார்க்கலாம். சலைன் குழுவோடு ஒப்பிட்டால் மருந்து நன்றாகவே வேலை செய்தது, ஒப்பீட்டுக்காக இன்னொரு குழுவுக்குப் போட்ட வழக்கமான வீக்க மருந்து இண்டோமெதசினுக்கு அருகில் வந்தது. இன்னொன்று, செல் சோதனைகளில் டிஎம்எஸ்ஓ மிகச் சொற்பம். அங்கேயும் ஆண்ட்ரோகிராஃபோலைடு வேலை செய்தது. அழற்சியை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதக் கூட்டின் பி50 புரதத்தில் 62ஆம் இடத்துச் சிஸ்டைன் அமினோ அமிலத்தை அது பிடித்துக்கொள்கிறது என்பது 2004-லேயே வெளிவந்துவிட்டது. ஆகவே மருந்தில் சரக்கு இருந்தது. எலிச் சோதனை வெறும் சடங்கு. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சடங்கு என்றால் எதற்கு எலி?

டிஎம்எஸ்ஓ சும்மா கிடக்கிற கரைப்பான் இல்லை என்பதும் எனக்குத் தெரியாததில்லை. சிறுநீர்ப்பை அழற்சியில் ஒரு வகைக்கு அதை நேரடியாகப் பைக்குள் செலுத்த அமெரிக்காவில் 1978-லேயே அனுமதி கொடுத்தாயிற்று. அது போதாதென்று, வயிற்றுக்குள் எரிச்சலூட்டும் எதைப் போட்டாலும் பாத வீக்கம் குறையக்கூடும் என்பது இந்தச் சோதனையின் பழைய பலவீனம். வயிறு எரியும்போது உடம்பு பாதத்தை மறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்மகாலஜி படித்தவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

கஷாயத்தில் இந்தத் தொல்லை கிடையாது. நிலவேம்புக் குடிநீரைக் குடித்தால் குடலும் கல்லீரலும் வாசலில் நின்று சோதித்துத்தான் உள்ளே விடும். ஊசி அந்த வாசலைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. சீனாவில் மீன்வாடைக் கீரை ஒன்றிலிருந்து செய்த ஊசி மருந்துகளை 2006-ல் நிறுத்தி வைத்தார்கள். ஆண்ட்ரோகிராஃபோலைடிலேயே, தண்ணீரில் கரையும்படி சல்ஃபோனேட்டாக மாற்றிச் செய்த ஊசியின் சில தொகுதிகளை, நடுக்கமும் காய்ச்சலும் வந்ததால் 2017-ல் திரும்பப் பெற்றார்கள். அதே வருடம் அமெரிக்காவில் மஞ்சளின் குர்குமினை நரம்பில் ஏற்றிய இரண்டு பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது, ஒருவர் இறந்துபோனார். அந்தக் குப்பியைச் சோதித்தபோது லேபிளில் போட்டிருந்த குர்குமினில் மிகச் சொற்பமே உள்ளே இருந்தது. குர்குமினைக் கரைக்க ஊற்றிய விளக்கெண்ணெய்ச் சேர்மானமோ மருந்துத் தரமே இல்லை, அதில் நச்சான டைஎதிலீன் கிளைக்காலும் இருந்தது. பேச்செல்லாம் மஞ்சளைப் பற்றி. ஏறியதில் பெரும்பங்கு மற்றது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் திட்டம், சலைனோடு ஒப்பிட்டு நான் போட்ட அந்த வரைபடத்தால் ஒன்றும் சாகவில்லை. வரைபடம் அதை ஒன்றரை வருடம் ஓட்டியது என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் நின்றது வேறு காரணத்துக்காக: கலவையை ரத்த நீரில் சொட்டினால் பால்போலத் திரிந்தது, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகப் படிகம். நரம்புக்குள் அது நடந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கரைப்பானைக் கூட்டினால் சிவப்பணு உடைந்து குழாயின் மேல்நீர் இளஞ்சிவப்பாகும். குறைத்தால் படிகம். ஆக, அந்த மருந்து எந்த மனிதருக்கும் போகவில்லை, யாருக்கும் கெடுதல் இல்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். அந்த ஒன்றரை வருடத்தில் எத்தனை கூண்டுகள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

அண்ணன் ஓய்வு பெற்றுப் போனார். பிரிவு உபசாரத்தில் அவர் மூக்கைப் பற்றி நான்தான் நகைச்சுவையாகப் பேசினேன், எல்லோரும் சிரித்தார்கள். “நீங்க சொன்னது சரிதாண்ணே” என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடமும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான் சொல்லவில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்போது ஜூனியர்களிடம் வெஹிக்கிளைத்தான் முதலில் பார் என்று சொல்கிறேன், கொஞ்சம் கண்டிப்பாகவே. போன மாதம் ஒரு பெண் இதேபோல ஒரு தாளோடு வந்து, “சார், இதை என்ன பண்றது?” என்றாள். மறுநாள் மீட்டிங். “டேபிள்ல போட்டுடும்மா” என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். திட்டம் வேறு, கரைப்பானும் வேறு, வித்தியாசம் அவ்வளவு மோசமும் இல்லை.

பழைய கோப்பில் நான் பார்த்தது அந்த வரைபடத்தைத்தான். சோதித்தது ஐந்து குழு, படத்தில் நான்கு தூண்கள். மேடம் சலைனோடு ஒப்பிடச் சொன்னார், அவ்வளவுதான். ஒப்பிடுவதற்கு ஐந்தாவது தூணை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அது பாட்டுக்கு ஓரமாக நின்றிருக்கும். அதை எடுத்துவிட்டு, நடுவில் இடைவெளி தெரியாதபடி மற்ற நான்கையும் நெருக்கி வைத்தது நான். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.